தோசைக்குப் பார்சல் இல்லை

தோசைக்காக மனிதர்களோடு சண்டை போட்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். அதில் என் சொந்த அக்காவும் உண்டு. ஆனால் தோசையின் சார்பில் நின்று மனிதர்களோடு சண்டை போட்ட ஒரே ஆள் எங்கள் காரைக்குடி நோபார்சல்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டில் தேடினால் கிடைத்திருக்கும். ஊரில் யாரும் தேடவில்லை. கடை வாசலில் சிவப்புப் பெயிண்டில் 'தோசைக்குப் பார்சல் இல்லை' என்று எழுதி வைத்திருந்தார். கடையின் பெயர்ப்பலகையை விட அந்த எழுத்துப் பெரிது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போனது. சிவப்பு எழுத்துக்கு மட்டும் வருடா வருடம் பொங்கலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். காலேஜ் பையன்கள் அதை 'நோபார்சல்' என்று சுருக்கினார்கள், ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் உறையின் மேல் 'திரு. நோபார்சல் அவர்கள்' என்றே எழுதிக்கொண்டு வருவார்கள். அவரும் கோபப்படாமல் வாங்கிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் சாம்பாரைக் குறை சொல்லிவிட்டு வருவார்.

கல்லுக்கட்டிப் பக்கம் எங்கள் சின்ன வீதி. இப்போது அங்கே போனால் செல்போனுக்கு உறை விற்கும் கடைகள்தான் வரிசையாக இருக்கின்றன. அப்போது ஒரு கலர் சோடாக்கடை இருந்தது. அங்கே பன்னீர் சோடா கேட்டால் திராட்சை கிடைக்கும், திராட்சை கேட்டால் நாளைக்கு வரச் சொல்வார்கள். ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. அங்கே உள்ளே போன ரேடியோ எதுவும் உயிரோடு திரும்பியதாகத் தகவல் இல்லை. ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது, பிரேக் பிடிக்கிற சைக்கிளைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். இவற்றுக்கு நடுவே, நாலு மேசை, எட்டுப் பெஞ்சு, ஒரு பெரிய தோசைக்கல்லோடு நோபார்சல் கடை.

சட்டத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற எதற்கும் பார்சல் உண்டு. இட்லியை மந்தார இலையில் கட்டித் தருவார். குழிப்பணியாரத்தைக் கட்டித் தருவார். தொட்டுக்கொள்கிற கத்தரிக்காய்க் கோசமல்லியைத் தூக்குவாளியில் ஊற்றித் தருவார். தோசை மட்டும் கல்லை விட்டு இறங்கினால் பத்தடி தூரத்துக்குள் ஒரு வாய்க்குள் போயாக வேண்டும். ஏன் என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரே பதில் வைத்திருந்தார்.

"இலைல மடிச்சா வேர்த்துப்போகும்ணே. வேர்த்தது தோசையில்ல, துணி. துணி வேணும்னா அங்குட்டு ஜவுளிக்கடை இருக்கு, போங்க."

ஒருமுறை பயணியர் விடுதியில் வந்து தங்கிய பெரிய அதிகாரி ஒருவர், இந்தத் தோசையைக் கேள்விப்பட்டு டிரைவரை ஜீப்போடு அனுப்பினார். டிரைவர் அதிகாரியின் பதவியைச் சொன்னார். நோபார்சல் கல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "அய்யாவுக்குக் காலு நல்லாத்தான இருக்கு?" ஜீப் வெறுமனே திரும்பிப் போனது. கடைக்குச் சீல் வைக்கப் போகிறார்கள் என்று ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. கொஞ்ச நேரத்தில் ஜீப் மறுபடி வந்தது, இந்தமுறை அதிகாரி உள்ளே இருந்தார். வந்தவர் மூட்டை தூக்குகிற இருவருக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, மேல்சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது டிரைவரையும் உட்காரச் சொன்னார் என்பது எங்கள் அப்பா நேரில் பார்த்த சாட்சியம்.

அதிகாரியால் முடியாததை எங்கள் வீதிக் கணக்கு வாத்தியார் செய்து பார்த்தார். ரிட்டயரான மனிதர், மூளை சும்மா இருக்குமா. இரண்டு தோசை வாங்கி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, மற்றதைச் சுருட்டி மடக்கிய குடைக்குள் விட்டுக்கொண்டு, யோக்கியமாகக் கை கழுவிவிட்டு வெளியே இறங்கினார். அவருடைய நேரம், மழை பிடித்துக்கொண்டது. வீதியில் எல்லோரும் ஓடுகிறார்கள், வாத்தியார் மட்டும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொட்டச் சொட்ட நனைந்தபடி நடக்கிறார். நோபார்சல் கல்லை விட்டு ஓடி வந்தார்.

"சார், இம்புட்டு மழைக்கு இப்படி நனையுறீகளே. குடுங்க, நான் விரிச்சுத் தாரேன்."

"வேண்டாம்ப்பா, வேண்டாம். எனக்கு மழை பிடிக்கும்."

"காய்ச்சல் வந்துரும் சார்" என்று அன்பாகப் பிடுங்கிக் குடையை விரித்தார். தோசை வாத்தியாரின் தலைமேல் விழுந்து, தோளுக்கு இறங்கி, அங்கே துண்டு மாதிரி கிடந்தது. நோபார்சல் தோசையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வேறொன்று சுட்டு வைத்து, "சார், வந்து உக்காந்து சாப்பிடுங்க" என்றார். வாத்தியார் ஈரத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் வெயிலுக்குக்கூடக் குடை எடுத்து நாங்கள் பார்க்கவில்லை.

இதெல்லாம் ஆண்களின் கதை. இந்தச் சட்டத்தால் உண்மையில் அடிபட்டவர்கள் எங்கள் வீதிப் பெண்கள். அப்போதெல்லாம் பெண்கள் வீதிக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கமே கிடையாது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பெரிய ஓட்டல்களில் திரை போட்ட குடும்ப அறை இருக்கும், அதுவும் வெளியூர் போகும்போதுதான். நோபார்சல் கடையில் திரையும் இல்லை, அறையும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள்தான் பெஞ்சு நிறைய இருப்பார்கள். சின்னப் பிள்ளைகளாக இருந்தவரை அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நானும் அக்காவும் போனோம். வயதுக்கு வந்த அன்றோடு தோசையிலிருந்து எங்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எங்கள் அம்மாவோ கல்யாணமாகி இந்த வீதிக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தோசையைப் பார்த்ததே இல்லை. அப்பாவின் சட்டையில் வருகிற நெய் வாசனையோடு சரி.

அப்பா சும்மாவும் இருக்க மாட்டார். கடையில் சாப்பிட்டு வந்து ஈஸிச்சேரில் சாய்ந்துகொண்டு, அன்றைய தோசை எப்படி இருந்தது என்று எங்களுக்கு விவரிப்பார். ஓரம் எப்படி முறுகியிருந்தது, நடு எப்படி மெத்தென்றிருந்தது, கோசமல்லி எப்படி ஒட்டியது. மின்சார ஆபீசில் கிளார்க்காக இருந்தவருக்கு அந்த நேரத்தில் மட்டும் எங்கிருந்தோ வாக்கு வந்துவிடும். அம்மா அடுக்களையிலிருந்து சொல்வாள், "அம்புட்டு ருசின்னா அங்குட்டே பாயப் போட்டுப் படுத்துக்கிர வேண்டியதுதான. இங்குட்டு எதுக்கு வாரீக?"

நான் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அக்கா மசக்கையோடு வீட்டுக்கு வந்தாள். சிவகங்கையில் கட்டிக் கொடுத்திருந்தோம். மூன்றாம் மாதம். பஸ்ஸை விட்டு இறங்கியவளைப் பார்த்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கழுத்துச் சங்கிலி எலும்பின் மேல் கிடந்தது. எது சாப்பிட்டாலும் வெளியே வந்தது. கஞ்சி வந்தது, இளநீர் வந்தது, கடைசியில் தண்ணீரும் வந்தது. டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "இப்படியே போனா பிள்ளைக்கும் ஆகாது, இவளுக்கும் ஆகாது. மனசுக்கு எது பிடிக்குதோ அதைக் குடுங்க, ஒரு வாயாவது தங்கணும்" என்றார். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டு கேட்டாள், "என்னத்தா வேணும்? வாயத் திறந்து சொல்லு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள், "நோபார்சல் தோசை."

அப்பா அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பார்சல் கேட்டு அந்தக் கடைக்கு அவர் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நடந்ததை வந்து சொன்னார். நோபார்சல் விஷயத்தைக் கேட்டதும் ஒரு தோசை வார்த்தாராம். நெய் விட்டாராம். மந்தார இலையை விரித்து, தோசையை அதில் வைத்து, மடிக்கப் போய் நிறுத்திவிட்டாராம். மறுபடி மடிக்கப் போனாராம். முடியவில்லை.

"வாயும் வயிறுமா இருக்க புள்ளைக்குத் துணியக் குடுக்கச் சொல்றீகளாண்ணே? வேர்த்துப் போனத வாயில வச்சா அது மறுபடி கக்கிப்புடும். புள்ளையக் கூட்டியாங்க, சுடச்சுடப் போடுறேன்."

"பொம்பளப்புள்ள இம்புட்டு ஆம்பளையாளுக்கு நடுவுல வந்து எப்படிண்ணே உக்காரும்?"

"உக்காந்தா என்னண்ணே? கடிச்சா வைக்கப் போறாக?"

அப்பாவுக்கு வந்ததே கோபம். இனி அந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது அவர் வேலையை ராஜினாமா செய்வதைவிடப் பெரிய செய்தி. எனக்கும் அந்த மனிதர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்காகக்கூட இறங்கி வராத பிடிவாதத்தை ருசி என்று சொல்லக்கூடாது, திமிர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று வீட்டில் பிரசங்கம் செய்தேன். அம்மா தன் கையாலேயே தோசை வார்த்துக் கொடுத்துப் பார்த்தாள். அதுவும் தங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், குடித்த மோரும் வெளியே வந்த பிறகு, அக்கா முகத்தைக் கழுவினாள். தலையை அள்ளி முடிந்தாள். செருப்பைத் தேடினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"கடைக்கு. நடந்து வரத்தான சொல்றாரு? போறேன்."

அம்மா அவளைத் தடுக்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "இரு, நானும் வாரேன். அப்படி என்னதான் சுடுறான்னு பாத்துருவோம்" என்றாள். அப்புறம் நான் மட்டும் வீட்டில் இருந்து என்ன செய்ய. மூன்று பேரும் வீதியில் இறங்கினோம். பின்னால் அப்பா, படியை மிதிக்க மாட்டேன் என்ற சபதத்தையும் மறந்து, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு ஓடி வந்தார்.

சனிக்கிழமை. கடை நிரம்பி வழிந்தது. நாங்கள் வாசலில் நின்றதும் பேச்சு நின்றது. மடித்துக் கட்டிய வேட்டிகள் படபடவென்று கீழே இறங்கின. கணக்கு வாத்தியார் வாய்க்கருகில் கொண்டுபோன விள்ளலை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோபார்சல் கல்லிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒட்டிய கன்னத்தை அவர் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தார்.

"எல்லாரும் எந்திரிங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. "எனக்கு இப்பத்தானப்பா தோசை வந்துச்சு" என்றார் வாத்தியார்.

"கட்டித் தாரேன் சார்."

"என்னது?"

"பார்சல். எந்திரிங்க, புள்ள உக்காரணும்."

காரைக்குடி சரித்திரத்தில் எவ்வளவோ நடந்திருக்கலாம். நான் பார்த்தது இதுதான். அந்த மனிதர் ஒவ்வொரு மேசையாகப் போய், பாதி தின்ற தோசை, தொடாத தோசை எல்லாவற்றையும் தன் கையால் மந்தார இலையில் மடித்து, நூல் சுற்றி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் மடிக்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அடிபட்ட சொந்தக்காரருக்குக் கட்டுப் போடுகிற மாதிரி இருந்தது. ஆண்கள் அத்தனை பேரும் கையில் பொட்டலத்தோடு வீதியில் நின்றார்கள். அதிசயத்தைக் கையில் வைத்திருக்கிறோமே, பிரித்துத் தின்பதா பத்திரமாக வைப்பதா என்று தெரியாத நிலை. பாதிப் பேர் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். எத்தனையோ வருடமாகப் புருஷன் வாயால் மட்டுமே கேட்டிருந்த தோசையை அன்று வீதிப் பெண்கள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இந்தச் சவசவன்னு இருக்கதுக்கா இம்புட்டு நாளா இந்த அலப்பறை?" என்று கேட்டார்களாம். வேர்க்கும் என்று அவர் சொன்னது நிஜந்தான்.

காலியான கடையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நோபார்சல் கல்லைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, மாவை ஊற்றினார். அக்கா முன்னால் இலையைப் போட்டுத் தோசையை வைத்துவிட்டு, தோசைக்கரண்டியைக் கையில் பிடித்தபடி எதிரிலேயே நின்றுகொண்டார். வாசலில் மிச்சமிருந்த ஆண்கள் பொட்டலத்தோடு எட்டிப் பார்த்தார்கள். அக்கா ஒரு விள்ளல் பிய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். அம்மா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எதுவும் வெளியே வரவில்லை. அக்கா இரண்டாவது விள்ளலைப் பிய்த்தாள். பிறகு அவள் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

முதல் தோசை முடிந்ததும் வாசலில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அப்பாதான். அம்மா தனக்கும் ஒன்று போடச் சொல்லி, "உப்பு ஒரு கல்லு கூட" என்று குறை சொல்லிவிட்டு, அதன் பிறகு எத்தனை சாப்பிட்டாள் என்பதை நான் எண்ணாமல் விட்டேன். பெற்ற தாயை எண்ணக்கூடாது.

என் ஆத்திரம் மட்டும் முழுதும் அடங்கவில்லை. எதிரிலேயே நின்று அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன், "ஏன் பெரியப்பா, அத்தன பேருக்கும் இன்னைக்குக் கட்டிக் குடுத்தீகல்ல? அத நேத்து ஒண்ணு கட்டிக் குடுத்திருந்தா என்ன?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "வேர்க்குது, துணியாகுதுங்கிறதெல்லாம் ஊருக்குச் சொல்றது ஆத்தா. கட்டிக் குடுத்துவிட்டா, தின்னுறவுக மூஞ்சிய நான் பாக்க முடியாதுல்ல. அதப் பாக்கலன்னா அப்புறம் என்னத்துக்கு இந்த அனலுல நிக்கணும்?"

எனக்கு அதற்கு மேல் கோபப்படத் தெரியவில்லை.

மறுநாளும் அக்கா போனாள். அதற்கு மறுநாள் அக்காவுக்குத் துணை என்று பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். துணைக்குத் துணை என்று எதிர்வீட்டில் இருவர் வந்தார்கள். கொஞ்ச நாளில் சாயங்காலம் நாலு மணி என்றால் கடை பெண்களுக்கு என்று ஆகிப்போனது. அந்த நேரத்தில் வந்த ஆண்கள் வெளியே நின்று, உள்ளே கேட்கும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு, தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அக்கா கன்னம் மெல்ல மெல்ல நிரம்பியது. தை மாதம் பெண் பிறந்தாள். நல்ல குண்டுப் பிள்ளை. அந்தக் குண்டுக்கு யார் காரணம் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அக்கா வீட்டுக்கார மச்சானைத் தவிர.

அப்புறம் எல்லாக் கடைக்கும் நடந்ததுதான். இடத்துக்காரர்கள் விற்றார்கள், கட்டடத்தை இடித்தார்கள், நோபார்சலுக்கு முழங்கால் விட்டுப்போனது. சிங்கம்புணரியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். போய்ப் பார்க்க வேண்டும் என்று பேசிப் பேசியே வருடங்கள் ஓடின. போன மாதம் ஒருநாள் அக்கா மதுரையில் இருக்கும் எனக்குப் போன் செய்து, "பேசுனது போதும், கிளம்பு" என்றாள். போனோம்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்றாள் மகள். அக்கா பக்கத்தில் போய், "பெரியப்பா, ஆம்பளையாளுகள எல்லாம் எழுப்பிவிட்டு எனக்குத் தோசை சுட்டுப் போட்டீகளே, நான்தான். தங்கச்சியும் வந்திருக்கா" என்றாள்.

அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "சாப்பிட்டியா ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். அவரை அடுப்புப் பக்கம் விடுவதில்லை என்று மகள் சொல்லச் சொல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். மகள் அடுப்பைப் பற்ற வைத்துப் பக்கத்திலேயே நின்றாள். அவர் கல்லில் தண்ணீர் தெளித்து, அது சீறுகிற சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் பொறுத்தார். மாவை ஊற்றினார். வட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வாசனை அதேதான்.

அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். இப்போது அவளுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, பேத்தி எடுத்தவள். அவர் தோசைக்கரண்டியோடு அவள் எதிரில் வந்து நின்றார். எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்கவில்லை. நான் நிற்கிற பக்கமாகத் திரும்பி, "அக்கா மூஞ்சி எப்படி இருக்கு? பாத்துச் சொல்லு ஆத்தா" என்றார்.

வாரா வாரம் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். அக்காதான் நிமிர்ந்து, அவர் கையைப் பிடித்து இழுத்து, தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் தோசையால் உப்பியிருந்தது. தட்டு காலியாகும் வரை அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை, அவரும் கையை எடுக்கவில்லை.